சபையின் "கோர் வேல்யூஸ்" (அடிப்படை மதிப்புகள்) எழுதச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தாம்வே சயாமா (ரங்கூன்) கேட்டது:

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். ரங்கூனில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்கு ஏழு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். அதற்குமுன் 32 வருடம் பர்மியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஆசிரியையை "சயாமா" என்பார்கள். என் வயதுக்காரர்களுக்கு இங்கே தமிழ்ப் பள்ளி கிடையாது. 1960களில் தனியார் பள்ளிகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. எனக்குத் தமிழ் எழுத்து வந்தது ஓய்வுநாள் பள்ளியிலும் அம்மாவின் வேதாகமத்திலும்தான். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு.

எங்கள் கோயில் கூரைத் தகரம் இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. பீடத்துக்கு இடப்பக்கம் வாளி வைத்துத்தான் ஆராதனை நடக்கிறது. உதவி செய்ய முன்வந்த ஒரு வெளிநாட்டுச் சபை, "உங்கள் சபையின் நோக்கத்தையும் கோர் வேல்யூஸையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறது. கேட்பதில் தப்பில்லை. நாங்கள் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்களிடம் மிச்சமிருக்கும் வாலிபர் நாலு பேர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு மற்றவர்கள் தாய்லாந்து, மலேசியா என்று போய்விட்டார்கள். அந்த நாலு பேரில் ஒரு தம்பி ஒரே ராத்திரியில் எழுதிக்கொண்டு வந்தார். ஏழு சொல்: அன்பு, பரிசுத்தம், ஒற்றுமை, மேன்மை, புதுமை, தலைமைத்துவம், தாக்கம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வசனம். தாளுக்கு ஓரம் கட்டி, சிலுவை வரைந்து, அழகாகச் செய்திருந்தார். பிள்ளையின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

கமிட்டியில் சத்தமாக வாசித்தேன். எங்களில் மூத்தவர், 82 வயதுப் பெரியம்மா, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கேட்டார்கள்: "நல்லா இருக்கு தாயி. இது எந்தக் கோயிலைப் பத்தி?"

யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

பிறகு ஒருவர், "தமிழ் எங்கே? தமிழை ஏன் எழுதவில்லை? தமிழ் இல்லாவிட்டால் நாம் எதற்குத் தனிச் சபை?" என்றார். அங்கே பிடித்தது சண்டை. எங்களில் பாதிக் குடும்பங்களில் இப்போது கரேன் இன மருமகள், சின் இன மருமகன், பர்மிய மருமகள் இருக்கிறார்கள். என் பேத்தி கீர்த்தனையைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறாள். போதகர் ஐயா தமிழில் பிரசங்கிக்க, பக்கத்தில் ஒருவர் பர்மிய மொழியில் சொல்வார். அந்த மொழிபெயர்ப்பாளர் வராத ஞாயிறு பின்வரிசை சும்மா உட்கார்ந்திருக்கும். எங்கள் சட்டதிட்டத்தில் "கமிட்டி அங்கத்தினர் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஒரு விதி இருக்கிறது. பதினொரு வருடமாக ஒரு ஞாயிறும் தவறாத ஒரு கரேன் மருமகள் அந்த விதியினால்தான் கமிட்டிக்கு வெளியே நிற்கிறார். மூன்று மணி நேரம் பேசினோம். "தமிழ் நம் உயிர்" என்றவரும் அழுதார், "தமிழைக் காட்டி என் பெண்டாட்டியை வாசலில் நிறுத்துகிறீர்கள்" என்றவரும் அழுதார்.

என் கேள்வி இதுதான். ஒரு சபையின் அடிப்படை மதிப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்து யோசித்தால் நல்ல சொற்கள்தான் வருகின்றன, எங்கள் சபை வரவில்லை. தமிழ் அந்தப் பட்டியலில் சேருமா, சேராதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மோல்மீன்காரர்:

சயாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டுகிற சமாச்சாரம். நமக்கு வேதம் இருக்கிறது. என்ன விசுவாசிக்கிறோம் என்று சொல்ல விசுவாசப் பிரமாணம் இருக்கிறது. சபை என்ன செய்தது என்று கேட்டால் அப்போஸ்தலர் 2:42 இருக்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். அதற்குமேல் எதற்கு ஏழு சொல்?

அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813இல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஆறு வருடம் ஒரு ஆத்துமா இல்லை. அப்புறம் சிறை. முழு வேதத்தையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தது 1834இல், எங்கள் ஊரில். அவர் எந்தக் கோர் வேல்யூஸ் எழுதினார்? வழியோரம் ஒரு சயாத் கட்டி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

கூரைக்குப் பணம் கொடுக்க இதெல்லாம் கேட்கிறவர்கள் கொடுக்காமலே இருக்கலாம்.

வியாசர்பாடி ஐயா:

1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு ஒன்பது வயது. மெதடிஸ்ட் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். சயாமா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

மோல்மீன் அண்ணன் சொன்ன சயாத்தையே எடுத்துக்கொள்வோம். பர்மாவில் வழிப்போக்கர் களைப்பாறுகிற, போதனை கேட்கிற சாவடி அது. ஜட்சன் ஐயா முதலில் கோபுரம் வைத்துக் கோயில் கட்டவில்லை. பர்மியர் பழகிய மாதிரி இடத்தில், வருகிறவர் போகிறவர் யாரும் ஏறி உட்காரும்படி கட்டினார். அண்ணே, அதுதான் அவருடைய மதிப்பு. எழுதாவிட்டாலும் மூங்கிலில் கட்டிக் காட்டினார். எழுதுவது தப்பில்லை, கட்டாததை எழுதுவதுதான் தப்பு.

சயாமா, மூன்று தாளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விசுவாசப் பிரமாணம் எல்லாச் சபைக்கும் பொது. சட்டதிட்டம், யார் ஓட்டுப் போடலாம், யார் கையெழுத்துப் போடலாம் என்று சொல்கிறது. நீங்கள் எழுதவேண்டியது மூன்றாவது தாள்: இரண்டு நல்ல காரியம் மோதும்போது எங்கள் சபை எதன் பக்கம் நிற்கும் என்பது. "அன்பு" என்று எழுதினால் அதற்கு எதிராக "எங்களிடம் அன்பில்லை" என்று எழுதுகிற சபை உலகத்தில் உண்டா? அப்படியானால் அந்தச் சொல் உங்கள் சபையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பத்து மணிக்கு மணி அடித்தால் ஆராதனை தொடங்கும்" என்று ஒரு சபை எழுதலாம். "ராத்திரி வேலை முடித்து வருகிறவர்கள் வந்தபிறகுதான் தொடங்குவோம்" என்று இன்னொரு சபை எழுதலாம். இரண்டும் நல்ல சபைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு சபை. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திவந்து சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் அங்கே "அன்பாயிருங்கள்" என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார். அது செய்யக்கூடிய வாக்கியம், செய்யாவிட்டால் தெரிந்துவிடுகிற வாக்கியம்.

எங்கள் மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி 1743இல் தம் சங்கங்களுக்கு மூன்று விதி எழுதினார். தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் நியமித்த ஆராதனை முறைகளைக் கைக்கொள். இதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் சுவரில் தொங்கியிருக்கும். தீமை என்றால் என்ன என்று இறங்கி எழுதினார்: தீர்வை கட்டாத சரக்கை வாங்காதே, விற்காதே, திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்காதே. சங்கத்தாரைச் சிறு வகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தார், ஒவ்வொரு வகுப்புத் தலைவரும் வாரம் ஒருமுறை தம் வகுப்பில் ஒவ்வொருவரையும் பார்த்து ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ஏழைகளுக்காகக் கொடுக்க மனமுள்ளதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் அதிலேயே எழுதினார்.

என் குற்றத்தையும் சொல்கிறேன். நான் போதகராயிருந்த ஒரு சபையின் முகப்பில் பொன்னிற எழுத்தில் "உபசரிப்பு" என்று எழுதியிருந்தோம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது இரவு பதினோரு மணிக்குக் கேட்டைத் தட்டினார்கள். முழங்கால் தண்ணீரில் ஒரு தாய், இடுப்பில் பிள்ளை, தலையில் அரிசி மூட்டை. உள்ளே புதுக் கம்பளம், புது ஒலிபெருக்கிச் சாமான். சாவி பொருளாளரிடம் இருக்கிறது, அவரிடம் கேட்காமல் திறக்கக்கூடாது என்று நான் சொன்னேன். அந்தத் தாய் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் தூக்கி அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்கிற வழி இது. பழைய கணக்குப் புத்தகங்களை எடுங்கள். மிக மோசமான மாதங்களைப் பாருங்கள். காணிக்கை விழாத மாதத்திலும் எது நிற்கவில்லையோ அதைச் சிவப்பு மையால் கோடிடுங்கள். வாயால் பெரிதாகப் பேசி, கையால் ஒன்றும் கொடுக்காதது எதுவோ அதையும் கோடிடுங்கள். பெருக்குகிற அம்மாவிடம் கேளுங்கள், விட்டுப் போனவர்களிடமும் கேளுங்கள்.

தமிழைப் பற்றி. எருசலேம் சபையில் முதலில் வந்த முறுமுறுப்பே மொழிச் சண்டைதான். கிரேக்கம் பேசின விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டுப் போனார்கள். ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பெயர்களை வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர். யார் முறையிட்டார்களோ அவர்கள் பக்கத்தவர் கையிலேயே பந்தி விசாரிப்பைக் கொடுத்துவிட்டார்கள். "கிரேக்கம் வேண்டாம்" என்றும் சொல்லவில்லை, "எபிரெயு படித்துவிட்டு வா" என்றும் சொல்லவில்லை.

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி:

சயாமா டீச்சர், உங்களிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். பெயர் எழுதவில்லை, நிலைமை உங்களுக்குத் தெரியும். என் தமிழ் எழுத்தை அக்கா சரிபார்த்தார்.

விட்டுப் போனவர்களிடம் கேளுங்கள் என்று ஐயா எழுதியிருப்பதால் சொல்கிறேன். பிரசங்கம் எனக்குப் பாதி புரியாது. பத்து வருடம் புரிந்தமாதிரி உட்கார்ந்திருந்தேன். அதனால் தமிழ்மேல் கோபம் இருந்தது. இங்கே வந்து மூன்றாம் மாதம், வேலைக்குப் போகிற வழியில் ஒரு தமிழ்க் கோயிலில் கீர்த்தனை கேட்டது. ரோட்டில் நின்று அழுதேன். எனக்குத் தமிழ் வேண்டும், டீச்சர். ஆனால் எனக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நர்கிஸ் புயல் வந்தபோது எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. கோயில் பெஞ்சுக்கு அடியில் தூங்கினோம். பக்கத்துத் தெரு புத்த குடும்பம் ஒன்றும் எங்களோடு இருந்தது. காலையில் பெரியம்மா பெரிய சட்டியில் கஞ்சி வைத்தார்கள். அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. நம் சபை என்று நினைத்தால் எனக்கு அந்தக் கஞ்சி வாசம்தான் வரும்.

தாம்வே சயாமா:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி ஐயா சொன்னபடி அலமாரியைத் திறந்தேன். கரையான் அரித்தது போக 1971இலிருந்து கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. சாயங்காலம் கரண்டு வருகிற நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன்.

தம்பி, நீ கேட்ட அரிசி அங்கே இருக்கிறது.

எல்லா வருடத்திலும், எல்லா மாதத்திலும், காணிக்கைக்குப் பக்கத்தில் "பிடியரிசி" என்று ஒரு பத்தி. எங்கள் வீடுகளில் சோற்றுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவோம். மாத முதல் ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுவருவோம். இங்கே அரிசி அளக்கிறது கட்டிப்பால் டின்னால்தான், எட்டு டின் ஒரு பியி. எங்கள் கோயில் டின் அடிப்பக்கம் நசுங்கி, வாய் ஓரம் கைபட்டுப் பட்டு வெள்ளையாகிவிட்டது. ஏழு வருடமாக மாதாமாதம் அந்தப் பத்தியைக் கூட்டிக் கையெழுத்துப் போடுகிறேன். கோர் வேல்யூஸ் என்று யோசித்தபோது ஒருமுறைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை.

2008 ஏப்ரலில் 19 பியி. மே 2, 3 தேதிகளில் நர்கிஸ். அந்த மே மாதக் காணிக்கை ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், பிடியரிசி 41 பியி. அப்போதிருந்த செயலாளர் ஓரத்தில் பென்சிலால் "ஈர அரிசியும் சேர்த்து" என்று எழுதியிருக்கிறார். 2020இல் நோய்க்காகக் கோயில் மூடியிருந்தபோது காணிக்கைப் பத்தி காலி, அரிசிப் பத்தி காலியில்லை. கேட் கம்பியில் பைகளை மாட்டிவிட்டுப் போனோம். 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு அரிசியை விற்றுப் பணமாக மண்டலே பக்கம் அனுப்பினோம். வாங்கினவர்களின் பட்டியலில் பர்மியப் பெயர், முஸ்லிம் பெயர், இந்துப் பெயர் எல்லாம் கலந்து கிடக்கிறது.

2014இலிருந்து அந்தப் பத்தி மட்டும் பர்மிய எழுத்தில் இருக்கிறது. எழுதுகிறவர் அந்தக் கரேன் மருமகள்தான். எங்கள் சபை எது என்று காட்டுகிற ஒரே கணக்கை வைத்திருக்கிறவருக்குக் கமிட்டியில் நாற்காலி இல்லை. இதைக் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் அதோடு முடியவில்லை. வாயால் பேசி, கையால் கொடுக்காததையும் பார்க்கச் சொன்னீர்களே, ஐயா. தமிழுக்காக மூன்று மணி நேரம் சண்டை போட்ட நாங்கள், கடந்த ஆறு வருடத்தில் தமிழ் அரிச்சுவடிக்கு ஒரு கியாட் செலவழிக்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பது 2019இலேயே நின்றிருக்கிறது. நிறுத்துவோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. கற்றுக்கொடுத்த அம்மா இறந்தார்கள், வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் தமிழ் படித்ததே அந்த அறையில். இப்போது அங்கே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு கமிட்டியில் இந்த எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினேன். அந்த ஏழு சொல் எழுதின தம்பிதான் முதலில் எழுந்து, மேன்மை, புதுமை, தலைமைத்துவம், தாக்கம் நான்கையும் தானே அடித்தார். இப்போது தாளில் இருப்பது: பிடியரிசி எந்த மாதமும் நிற்காது, வாங்குகிறவரிடம் மதம் கேட்கமாட்டோம். புயலோ வெள்ளமோ சண்டையோ வந்தால் கேட்டைத் திறப்போம், ஒரு சாவி எதிர்வீட்டில் எப்போதும் இருக்கும். ஒருவருக்காக ஒருவர் காத்திருப்போம், மொழிபெயர்க்க ஆள் வந்து நின்ற பிறகுதான் பிரசங்கம் தொடங்கும். இதுவரைக்கும் ஒருமனமாக ஒத்துக்கொண்டோம். எதிர்வீட்டு அண்ணன் புத்த மதத்தவர். சாவியை வாங்கிக்கொண்டார்.

மோல்மீன் அண்ணனுக்காக, மேலே அப்போஸ்தலர் 2:42ஐ எழுதினோம். "அந்நியோந்நியம்" என்றால் என்ன என்று வாலிபர் கேட்டார்கள். பெரியம்மா, "ஒரே சட்டி" என்றார்கள்.

நாலாவது வரி இன்னும் முடிவாகவில்லை. "தமிழில் பாடுவோம், தமிழ் சொல்லிக்கொடுப்போம், தமிழ் தெரியாததைக் காட்டி யாரையும் எந்தப் பொறுப்பிலிருந்தும் விலக்கமாட்டோம்" என்று எழுதிப் பார்த்தோம். முதல் இரண்டு துண்டுக்கு எல்லாரும் கை தூக்கினார்கள், மூன்றாவதற்கு ஒன்பது பேர் ஆம், நாலு பேர் இல்லை. அந்த விதியை மாற்றப் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். அந்த நாலு பேரும் பொல்லாதவர்கள் அல்ல. பிள்ளைகளோடு தமிழ் போய்விடுமே என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் நான் ஆம் என்றுதான் கை தூக்கினேன்.

கூரைக்கு உதவுகிறவர்களுக்கு மூன்று வரியோடு தாளை அனுப்பிவிட்டோம், நாலாவது பிறகு வரும் என்று எழுதி.

வியாசர்பாடி ஐயாவிடம் ஒரு உதவி கேட்கிறேன். பெரிய எழுத்தில், படம் போட்ட தமிழ் அரிச்சுவடி 20 வேண்டும். யாராவது ரங்கூன் வருவதாக இருந்தால் கையில் கொடுத்துவிட முடியுமா? பணம் அனுப்பிவிடுவோம், இந்தத் தடவை அதைக் கணக்கில் எழுதிவிட்டேன். பெஞ்சுகளை வெளியே எடுத்து அறையைக் கழுவியாயிற்று. வகுப்பு ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு. இதுவரை பெயர் கொடுத்தது பதினாலு பேர், அதில் பெரியவர்கள் ஐந்து.